சான்றுள்ள பிள்ளை

தாட்சாயணிக்கு ஒரு மகன் இருந்தான் என்பதும் அவன் செத்துப்போனான் என்பதும் அவளுக்கு ஒரே நேரத்தில்தான் தெரியவந்தது.

சித்தூரில், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வுபெறும்வரை அவள் விசில் ஊதிய பள்ளிக்கூடத்தின் விளையாட்டு விழா அது. ஒரு காலத்தில் மாநில மகளிர் கபடி அணிக்குத் தலைவியாக இருந்தவள் என்பதால் அவளையே சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். சால்வைக்கு முன்னால் அறிமுகம். புதிதாக வந்திருந்த தலைமையாசிரியர் ரங்கையா கைப்பேசியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படித்தார். பிறந்த ஊர் குடுபல்லி, ஆடிய வருஷங்கள், வாங்கிய கோப்பைகள் எல்லாம் சரியாகவே வந்தன. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பெத்த ஒரே மகன் யோகேஷ ஒம்பது வயசுல ஏரித் தண்ணிக்குக் குடுத்துட்டு, அந்தத் துக்கத்த நெஞ்சுலயே வெச்சிக்கினு, நம்ம பிள்ளைங்களுக்கெல்லாம் தாயா நின்னவங்க. அந்தப் பிள்ளைக்காக ஒரு நிமிஷம் மௌனம். அந்தரு லேச்சி நில்ச்சோண்டி."

மைதானம் முழுக்க எழுந்து நின்றது. தாட்சாயணியும் எழுந்தாள். எல்லோரும் நிற்கும்போது மேடையில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை. தவிரவும் யாரோ ஒரு பிள்ளை செத்திருக்கிறது, நிற்பதற்கென்ன. தலையைக் குனிந்துகொண்டாள். மௌனத்தின் பாதியில்தான், அவர் சொன்னது என் மகனையா என்று அவளுக்கு உறைத்தது. மௌனத்தைக் கலைத்துக் கேட்க வாய் வரவில்லை. முடிந்த கையோடு தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார்கள். அதன் நடுவிலும் கேட்க முடியவில்லை.

மேடையிலிருந்து இறங்கியதும் ரங்கையாவை ஓரமாக அழைத்தாள். "சார், எனக்குப் பிள்ளையே பொறக்கலீங்க."

ரங்கையா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "தெரியும் மேடம். சில பேரு அப்பிடிச் சொல்லித்தான் தாங்கிக்கிறாங்க. எங்க பெரிம்மாவும் சாகற வரைக்கும் அப்டியேதான் சொல்லிக்கினு இருந்தாங்க."

கிரீம்ஸ்பேட்டையில் இருந்த வீட்டுக்கு வந்து, சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் கணவரிடம் சொன்னாள். நாகபூஷணம் மாம்பழக் கூழ் ஆலையில் கூழின் இனிப்பை அளந்து பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் ருசி பார்த்த பிறகே பேசுகிறவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நமக்குத் தெரியாம எப்பிடி தாட்சி?" என்றார்.

அந்த வார விடுமுறையில் ஹரிப்ரியா வந்தாள். தாட்சாயணியிடம் கபடி கற்றவள். ரேணிகுண்டாவில் செல்போன் கம்பெனியில் வேலை. அவள் முகம் வெளுத்திருந்தது. "டீச்சர், அந்தப் பக்கத்த ஆரம்பிச்சது நான்தான். உங்க மேல இருக்கற பிரியத்துல நாலு வரி எழுதினேன். மகனெல்லாம் நான் வெக்கல. வேற யாரோ வெச்சிருக்காங்க."

பக்கம் என்று அவள் சொன்னது, ரங்கையா மேடையில் பார்த்துப் படித்தது, அனைவர் களஞ்சியத்தில் தாட்சாயணியைப் பற்றி இருக்கும் பக்கம். உலகத்து அறிவையெல்லாம் இணையத்தில் குவித்து வைக்கிற இடம் அது. அங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம், யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம். எழுதக்கூடாதவர் ஒரே ஒருவர்தான். யாரைப் பற்றிய பக்கமோ அவர்.

இது தெரியாமல் தாட்சாயணி மகனைப் பற்றிய வரியை அழித்தாள். அவள் காப்பித் தம்ளரைக் கீழே வைப்பதற்குள் வரி திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு செய்தியும் வந்தது.

"வணக்கம். சான்றுள்ள தகவல் ஒன்றை நீக்கியுள்ளீர்கள். இது நாசவேலையாகக் கருதப்படும். இவண், மெய்காப்பான்."

ஹரிப்ரியா தட்டச்சு செய்ய, தாட்சாயணி பதில் சொன்னாள். ஐயா, நான்தான் அந்த தாட்சாயணி. எனக்குக் குழந்தை பிறக்கவில்லை.

"தாங்கள்தான் அவர் என்றால் தங்களுக்கு நலமுரண் உள்ளது. ஒருவரைப் பற்றி மிகுந்த சார்புடன் பேசக்கூடியவர் அவரேதான். விலகி நிற்குமாறு வேண்டுகிறோம்."

"பெத்தவளுக்குத் தெரியாதா பெத்தாளா இல்லியான்னு? அதக் கேளு" என்றாள் தாட்சாயணி. ஹரிப்ரியா கேட்டாள்.

"தாயின் கூற்று முதல்நிலைச் சான்று. களஞ்சியம் இரண்டாம் நிலைச் சான்றுகளையே ஏற்கும். செய்தித்தாளில் வந்துள்ளது. பார்க்க, அடிக்குறிப்பு."

அடிக்குறிப்பைப் பார்த்தார்கள். பல வருஷங்களுக்கு முன்னால் திருப்பதியில் நடந்த மகளிர் தினப் பாராட்டு விழாவைப் பற்றி ஒரு உள்ளூர் நாளிதழில் வந்த செய்தி. தாட்சாயணி அங்கே சால்வை வாங்கியது உண்மை. செய்தியின் கடைசி வரியில், ஏரியில் மகன் யோகேஷைப் பறிகொடுத்த இத்தாய் என்று இருந்தது. அந்தச் செய்தியை அவள் அன்றைக்குப் படிக்கவில்லை. படத்தை மட்டும் வெட்டி வைத்திருந்தாள்.

மறுநாள் பக்கத்தில் இரண்டாவது அடிக்குறிப்பு முளைத்தது. பள்ளிக்கூட விழாவைப் பற்றி அதே நாளிதழில் வந்திருந்தது: மறைந்த மகனுக்காக நடந்த மௌன அஞ்சலியில் தாட்சாயணியும் தலைகுனிந்து நின்றார். மெய்காப்பான் அதைச் சுட்டிக்காட்டி எழுதினான்: "பேசப்படும் நபரே எழுந்து நின்று உறுதிசெய்துள்ளார். இப்போது சான்றுகள் இரண்டு. உயிரோடு உள்ள பல பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை."

தாட்சாயணி திருப்பதிக்குப் பஸ் ஏறி அந்த நாளிதழின் அலுவலகத்துக்குப் போனாள். மேசையில் இருந்தவர் மரியாதையாக உட்கார வைத்தார். "தப்புன்னா போட்ரலாம் மேடம். முந்து வெரிஃபை சேயாலி கதா" என்று சொல்லிவிட்டுக் கணினியைத் திறந்து அனைவர் களஞ்சியத்தைப் பார்த்தார். திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "சூடண்டி. மகன்னுதான் போட்டிருக்கு. ரெண்டு ரெஃபரென்ஸ் வேற."

"அந்த ரெண்டும் நீங்க போட்டதுதாங்க."

"அதான் கரெக்டா கீது" என்றார் அவர்.

பிள்ளை இல்லை என்று ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிவிட்டால் போதும் என்று யாரோ சொன்னார்கள். அரசு அலுவலகத்தில் அதற்கும் போய் நின்றாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர்தான், கோபப்படாமல் விளக்கினார். "பொறந்தா பர்த் சர்ட்டிபிகேட்டு, செத்தா டெத் சர்ட்டிபிகேட்டு. பொறக்காததுக்கு எந்தக் காகிதத்தக் குடுக்கறது அம்மா? இன்னிக்கி உங்களுக்கு ஒண்ணு குடுத்தேன்னு வெச்சுக்கோங்க, நாளைக்கி ஊர்ல கீற பொறக்காத பிள்ளைங்கெல்லாம் வந்து இங்க கியூவுல நிக்கும்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தாட்சாயணி திரும்பிப் பார்த்தாள். வராண்டாவில் வெயில் விழுந்து கிடந்தது. அங்கே யாரும் நிற்கவில்லை. ஆனால் படியிறங்கும்போது, யார் மேலோ இடித்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதுபோல ஓரமாகவே ஒதுங்கி நடந்தாள். ஏன் அப்படி நடந்தோம் என்று ஆட்டோவில் ஏறிய பிறகு யோசித்தாள்.

வீட்டில் பையன் வளர்ந்துகொண்டிருந்தான். காலையில் எழுந்து பக்கத்தைத் திறந்தால் முந்தின நாளைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பான். ஒரு நாள் அவனுக்கு மாம்பழம் பிடிக்கும் என்று சேர்ந்திருந்தது. இன்னொரு நாள், அவன் போன துக்கத்தில்தான் தாட்சாயணி மாநில அணியின் பயிற்சியாளர் பதவியை உதறினார் என்று வந்திருந்தது. உண்மையில் முழங்கால் வலியால்தான் உதறினாள். அதற்குச் சான்று இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, 'நெடுங்காலம் பிள்ளையின்றி, கணவரோடு திருமலைக்குக் கால்நடையாக ஏறி வேண்டிப் பெற்ற தவப்புதல்வன்' என்று இருந்தது. எதையாவது சேர்க்க வேண்டும் என்று எவனோ சேர்த்தது. பக்கத்திலேயே 'சான்று தேவை' என்று அடைப்புக்குள் போட்டிருந்தார்கள்.

தாட்சாயணி அந்த வரியைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவர்கள் நடந்து ஏறியது உண்மை. வேண்டியதும் உண்மை. வேலூர் ஆஸ்பத்திரிக்கு அலைந்து அலைந்து, இனி வரவேண்டாம் என்று டாக்டர் சொன்ன வருஷம் அது. முழங்கால் முறிச்சான் என்கிற செங்குத்தான படிக்கட்டில் அவள் படிக்குப் படி குனிந்து மஞ்சள் வைத்துக்கொண்டே போனாள். நாகபூஷணம் பின்னால் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். இதை அவர்கள் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவள் போகிற இடத்திலெல்லாம் பையன் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டிருந்தான். மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்கிறவள் எடை போட்டு முடித்ததும் மேலே நாலு காய் போட்டு, "மனசத் தேத்திக்கோ அக்கா" என்றாள். கல்யாண வீட்டில் தாம்பாளம் நீட்டியவர்கள், பிள்ளையைத் தின்றவள் என்றோ என்னவோ, கையைச் சற்றுத் தயங்கி நீட்டினார்கள். பிள்ளை இல்லாதவளாக இத்தனை வருஷம் அவளுக்குக் கிடைத்த ஒதுக்கல் ஒரு தினுசு. இது வேறு தினுசு. இதில் ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதை தனக்குப் பிடிக்கத் தொடங்கியிருப்பதைக் கண்டு அவள் பயந்தாள்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போன நாகபூஷணம் குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"இன்னாங்க, தண்ணி போவுதே."

"நீச்சல் கத்துக் குடுத்திருக்கணும் தாட்சி" என்றார் அவர். "குடுபல்லில உங்க அண்ணன் வூட்டுக் கெணறு இருந்துச்சு. ஒரு கோடை லீவு போதும். நாமதான் உட்டுட்டோம்."

தாட்சாயணி எழுந்து வந்தாள். குழாயை மூடினாள். அவர் கண்ணைப் பார்த்தாள். அவர் பைத்தியமாகவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தும்தான் சொன்னார்.

அன்றைக்கே அவள் பழைய படத்தைத் தேடி எடுத்தாள். இதை இப்படியே விட்டால் வீட்டில் மூன்றாவதாக ஒரு தட்டு வைக்க வேண்டியிருக்கும். திருப்பதி மேடைப் படத்தில் சால்வையோடு இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி தாட்சாயணி. பக்கத்தில் இன்னொருத்தி, சால்வை தோளில் கிடக்க, அதைத் தொடாமல் கைகளை விலக்கி வைத்துக்கொண்டு நின்றாள். நகரியிலிருந்து வந்தவள். ஏரியில் மூழ்கிய பிள்ளைகளைத் தூக்கி, தன் மகனைப் பறிகொடுத்தவள். பேர் ரத்னம்மா. நிருபர் இரண்டு பேர் கதையையும் ஒருத்தி தலையில் கட்டிவிட்டார்.

அந்தப் பிள்ளைக்குச் சொந்தக்காரி இருக்கிறாள். அவளைக் கூட்டிவந்து ஒரு வார்த்தை சொல்ல வைத்தால் முடிந்தது. தாட்சாயணி நகரிக்குப் பஸ் ஏறினாள்.

விசைத்தறிகள் ஓடுகிற தெருவில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஏரியில் குதித்த ரத்னம்மா என்றதும் கையைக் காட்டிவிட்டார்கள். அவள் தறிக்கூடத்தில் நின்றிருந்தாள். உள்ளே பேசுவது ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து, வேப்பமரத்துக்குக் கீழே நின்று, அங்கேயும் சற்று உரக்கவே பேச வேண்டியிருந்தது. தாட்சாயணி எல்லாவற்றையும் சொன்னாள். போனில் அந்த வரியைக் காட்டினாள்.

"எனக்குப் படிப்பு வராது டீச்சரு. நீயே படி."

தாட்சாயணி படித்தாள். யோகேஷ் என்ற ஒரே மகன். ஒன்பது வயதில் ஏரியில் மூழ்கி இறந்தான்.

"இன்னொரு வாட்டி."

படித்தாள். மூன்றாவது முறையும் படிக்கச் சொன்னாள். பிறகு ரத்னம்மா புடவைத் தலைப்பால் விரலைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடித் திரையில் அந்த இடத்தைத் தொட்டாள். பக்கம் நகர்ந்து மேலே போய்விட்டது. பயந்து கையை இழுத்துக்கொண்டாள். தாட்சாயணி பழையபடி கொண்டுவந்து காட்டினாள்.

"இதுதான் அவன் பேரா?"

"ஆமா."

"இது எங்க எல்லாம் தெரியும்?"

"எல்லா ஊர்லயும். யாரு போன்ல பார்த்தாலும் தெரியும். அதான் ரத்னம்மா, தப்பா கீது. உம் பிள்ளைய எம் பிள்ளன்னு போட்டிருக்காங்க. நீ வந்து ஒரு வார்த்த சொன்னா எடுத்துருவாங்க."

"எடுத்துட்டு எம் பேரு பக்கத்துல போடுவாங்களா?"

உனக்குப் பக்கம் இல்லை என்று எப்படிச் சொல்வது? "எடுத்துருவாங்க" என்றாள் தாட்சாயணி மறுபடியும்.

ரத்னம்மா அன்றைக்கு நடந்ததைச் சொன்னாள், நேற்று நடந்ததுபோல. மூன்று பிள்ளைகள் தண்ணீருக்குள் இருந்தார்கள். குதித்தாள். கலங்கின தண்ணீரில் முகம் தெரியவில்லை. கைக்கு அகப்பட்ட தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டாள். மறுபடி குதித்து இன்னொன்றை இழுத்தாள். "ரெண்டும் பக்கத்து வூட்டுதுங்க. ரெண்டுத்துக்கும் இப்ப மீச மொளச்சிருச்சி. என்னப் பாத்தா தெரு மாறிப் போவுதுங்க. வீரத்தாயின்னு சால்வ போட்டாங்க. நான் தொடவே இல்ல அத."

"போட்டோ கீதா அவனுது?"

"ஸ்கூல்ல எடுத்தது ஒண்ணு இருந்துச்சு. மழைல வூடு ஒழுகி, மூஞ்சி மட்டும் வெள்ளையாப் பூத்துப் போச்சு. ரேஷன் கார்டுல பேரு இருந்துச்சு. ஒரு நாள் கோடு போட்டு அடிச்சிட்டாங்க. ஸ்கூல்ல அப்பவே எடுத்துட்டாங்க. அவங்கப்பாவும் பூட்டாரு, நைனான்னுதான் கூப்டுவான் அவர. அவன் பேரச் சொல்றதுக்கு என்ன உட்டா ஆளில்ல." அவள் தாட்சாயணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதில் பஞ்சு ஒட்டியிருந்தது. "தப்பா இருந்தா இருந்துட்டுப் போவுது டீச்சரு. பேரு சரியா கீதுல்ல. உன் வூட்லயே இருக்கட்டும். நீ அழிக்காத."

திரும்பி வருகிற பஸ்ஸில் தாட்சாயணிக்கு இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. புத்தூரில் ஏறிய ஒருவர் உட்காரப் போனபோது, "ஆளு வராங்க" என்று சொல்லிவிட்டாள்.

அனைவர் களஞ்சியத்தின் மண்டலச் சந்திப்பு அடுத்த வாரம் திருப்பதியில், பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு ஓட்டல் மாடியில் நடந்தது. அவள் கொடுத்திருந்த முறையீட்டை அங்கே எடுத்துக்கொள்வதாக முன்பே தெரிவித்திருந்தார்கள். வாசலில் எல்லோருக்கும் கழுத்தில் அட்டை மாட்டினார்கள். சிலருக்குத் தொகுப்பாளர், சிலருக்கு மூத்த தொகுப்பாளர். அவளுக்கு மாட்டிய அட்டையில் 'தொடர்புடையவர்' என்று மட்டும் இருந்தது. பேர் போட இடமில்லை. பேர் போட்டால் விளம்பரமாகிவிடும் என்றார்கள்.

முதலில் உறுதிமொழி. எல்லோரும் எழுந்து, வலக்கையை நீட்டிச் சொன்னார்கள்: "நான் யாருமில்லை. எனக்குக் கருத்தில்லை. எனக்குத் தெரிந்த எதுவும் எனக்குத் தெரியாது. எழுதப்பட்டதை மட்டுமே எழுதுவேன்."

மெய்காப்பானை அவள் பெரிய மீசையோடு கற்பனை செய்திருந்தாள். எழுந்து வந்தவன் ஒல்லியாக, இருபத்தெட்டு வயது இருக்கும். சொந்தப் பேர் கோகுலகிருஷ்ணன். திருவள்ளூர் பக்கத்துப் பையன். ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் பொருள்களைச் சரிபார்த்து, தேறியது தேறாதது என்று பிரிக்கிற வேலை. அவளைப் பார்த்து நன்றாகவே கும்பிட்டான்.

"அம்மா மேல எங்களுக்கு மதிப்பு உண்டு. அவங்க நேர்ல வந்தது சந்தோஷம். ஆனா நேர்ல வர்றது ஒரு சான்றாகாது."

சபீனா என்ற கல்லூரிப் பெண் கையை உயர்த்தினாள். "அண்ணா, அவங்க இங்கயே நிக்கறாங்களே. அவங்களயே கேட்டுரலாமே."

"நிக்கறது எனக்கும் தெரியுதும்மா. நிக்கறாங்கன்னு எங்க எழுதியிருக்கு?"

சபீனா கையை இறக்கிக்கொண்டாள். தாட்சாயணியைப் பேசச் சொன்னார்கள். நலமுரண் உள்ளவர் என்பதால், பேசுவது பதிவாகாது என்றும் தெரிவித்தார்கள்.

அவள் எழுந்தாள். கபடியில் கோட்டைத் தாண்டும்போது மூச்சைப் பிடிப்பதுபோல ஒரு முறை பிடித்தாள். "நான் குடுத்த முறையீட்ட வாபஸ் வாங்கிக்கறேன். யோகேஷ் என் பிள்ளதான். நான்தான் பெத்தேன். போட்டிருக்கறது போட்டபடியே இருக்கட்டும்."

கோகுலகிருஷ்ணனின் முகம் மெல்ல மலர்ந்தது.

"பாருங்க, இதுதான் நாம பயந்தது" என்றான். "போன வாரம் வரைக்கும் இல்லன்னாங்க. நாம அசையல. இப்ப இருக்குன்றாங்க. இப்பவும் நாம அசையக் கூடாது. தொடர்புடையவர் ஒரு தகவல விரும்ப ஆரம்பிச்சா, அந்தத் தகவலைத்தான் மொதல்ல சந்தேகப்படணும். அது நெறி." கணினியில் பழைய நாளிதழ்ப் படத்தைத் திரையில் பெரிதாக்கினான். "இதுல ரெண்டு பெண்கள் இருக்காங்க. செய்தி ஒருத்தரப் பத்தி மட்டும் இருக்கு. நிருபர் குழப்பிட்டாரு. இத நான் ஆரம்பத்துலயே கவனிச்சேன்."

"கவனிச்சியா?" என்றாள் தாட்சாயணி. "அப்பறம் ஏம்ப்பா சொல்லல?"

"நானா கண்டுபிடிச்சா அது சொந்த ஆய்வும்மா. சொந்த ஆய்வுக்கு இங்க தடை." குற்றம் செய்யாதவன் முகம் அவனுக்கு. "இப்ப நீங்களே மாத்திப் பேசினதால சந்தேகம் முறைப்படி எழுந்திருக்கு. இனிமே கவனிக்கலாம்."

ஒருமித்த கருத்து கேட்டார்கள். வாக்கெடுப்பு இல்லை, எதிர்க்கிறவர்கள் ஒருமித்த கருத்தில் சேராதவர்கள் என்பதால் அவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. பையன் நீக்கப்பட்டான்.

தாட்சாயணி பொய்யைக் கீழே போட்டுவிட்டு உண்மையைச் சொன்னாள். ரத்னம்மாவைச் சொன்னாள், இரண்டு பிள்ளைகளைத் தூக்கினதைச் சொன்னாள். "அந்தப் பொம்பள பேருல ஒரு பக்கம் போடுங்க. அதுல ஒரே ஒரு வரி. மகன் யோகேஷ்னு. போதும்."

"அவங்க குறிப்பிடத்தக்கவங்கன்னு காட்ட சான்று வேணுமே அம்மா."

"இதோ, இந்தச் செய்தியே அவங்களப் பத்தினதுதானே."

கோகுலகிருஷ்ணன் திரையைப் பார்த்தான். அவனுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "ஆனா அதுல உங்க பேர்தானே இருக்கு" என்றான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவனே அவளுக்குத் தட்டில் புளியோதரை வைத்துக் கொண்டுவந்தான். எதிரில் உட்கார்ந்துகொண்டு, தாழ்ந்த குரலில் பேசினான். "கோச்சிக்காதீங்க. எனக்கு யாரு மேலயும் பகை இல்ல. எங்கப்பா தவறின அன்னிக்கிக் கூட, ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்து கட்டுரைங்கள சரிபார்த்துக்கினுதான் இருந்தேன். அன்னிக்கி நெறைய தப்பு புடிச்சேன்."

"உங்கப்பா பேரு அதுல கீதாப்பா?"

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "அவரு அப்பிடி ஒண்ணும் குறிப்பிடத்தக்க ஆளு இல்லீங்க" என்றான். அதற்குப் பிறகு அவன் சாப்பிடவே இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

சாயங்காலம் சித்தூருக்குத் திரும்புவதற்குள் பக்கத்தைத் திருத்திவிட்டிருந்தார்கள். மாம்பழம் இல்லை. திருமலைப் படிகள் இல்லை. அந்த இடத்தில், 'இவருக்குப் பிள்ளைகள் இல்லை' என்று இருந்தது. சான்றாக, திருப்பதிச் சந்திப்பின் நடவடிக்கைக் குறிப்பைக் கொடுத்திருந்தார்கள். மாதக்கணக்கில் எந்த வரிக்காக அலைந்தாளோ அந்த வரி. பிழையில்லாமல் இருந்தது. தாட்சாயணி அதைப் படித்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது வராத அழுகை வந்தது. நாகபூஷணம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போனை வாங்கிப் பார்த்தார். அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

ரத்னம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று அவள் தினமும் நினைத்தாள். தினமும் தள்ளிப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரத்னம்மாவே கூப்பிட்டாள். தறி ஓடாத நாள். குரல் பக்கத்தில் கேட்டது.

"டீச்சரு, தெனம் பொழுதோட பக்கத்து வூட்டுப் பொண்ணு மோனிகாகிட்ட அவன் பேர படிக்கச் சொல்லிக் கேட்டுக்கினு இருந்தேன். நாலஞ்சு நாளா அது ஏதேதோ சாக்கு சொல்லிச்சு. இன்னிக்கிக் கேட்டா காணோம்ன்றா. போன் கோளாறா?"

"கோளாறுதான் ரத்னம்மா" என்றாள். "கோளாறுதான். இரு, பாக்கச் சொல்றேன்."

ஸ்பீக்கரில் இருந்த போனை மேசையில் வைத்தாள். ஜன்னல் பக்கம் போய் நின்றாள். முகப்பில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாகபூஷணம் எழுந்து வந்தார். ஸ்பீக்கரில் ரத்னம்மா மூச்சுவிடுவது கேட்டது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் போனை எடுத்தார். அந்தப் பக்கத்தைத் திறந்தார். அவர் அதில் இதுவரை ஒரு எழுத்தும் எழுதியதில்லை. ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார். பிள்ளைகள் இல்லை என்ற வரியை அழித்தார். மகன் யோகேஷ் என்று எழுதினார். ஏரி என்று எழுதவில்லை. இறந்தான் என்றும் எழுதவில்லை.

பொத்தானை அழுத்தினதும் ஒரு பெட்டி திறந்து கேட்டது: குறிப்பிடப்படும் நபருக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு என்ன?

நாகபூஷணம் மனைவியைப் பார்த்தார். தாட்சாயணி தலையை அசைத்தாள். அவர் பெட்டிக்குள் 'நைனா' என்று எழுதி அனுப்பினார்.

"இப்ப பாக்கச் சொல்லும்மா" என்று மேசையில் இருந்த போனைப் பார்த்துச் சொன்னார்.

போனின் மறுமுனையில் மோனிகா எதையோ தட்டுவதும், ரத்னம்மா அவளை அவசரப்படுத்துவதும் கேட்டன. பிறகு அந்தப் பெண் நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"கீறான் டீச்சரு" என்றாள் ரத்னம்மா. "வந்துட்டான்."

ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீசிட்டியில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவந்த பையன்களும் அவர்களோடு மெய்காப்பானும் இன்னும் எழுந்திருக்கவில்லை.